ரெண்டு வருடம் இழுத்த பேச்சு முடிந்தது: எங்கள் பல்கலை நூலகத்தில் முதல் ஒப்பந்தம்

#1 நூலடுக்கு

நேற்று மாலை எங்கள் சங்க ஒப்பந்தத்துக்கான வாக்குகளை எண்ணி முடித்தோம். ஒப்பந்தம் நிறைவேறியது. எதிர் வாக்குகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் அமெரிக்காவில் ஒரு தனியார் பல்கலைக்கழக நூலகத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். பெயர் கேட்காதீர்கள், சம்பளம் இன்னும் அங்கிருந்துதான் வருகிறது. இரவல் மேசை, அடுக்கு, புத்தகங்களுக்கு விவரப் பட்டியலும் வகுப்பு எண்ணும் போடும் கேட்டலாகிங், மற்ற நூலகங்களிலிருந்து புத்தகம் வரவழைத்துக் கொடுக்கும் பிரிவு, பழைய கையெழுத்துப் படிகள் இருக்கும் அறை என எல்லா இடத்து ஆட்களும் சேர்ந்து தொடங்கிய சங்கம் இது. சங்கம் வேண்டுமா என்ற தேர்தலில் ஜெயித்த அன்று இங்கே எல்லோரும் வாழ்த்தினீர்கள். ஒருவர் மட்டும் "கல்யாணம் முடிஞ்சுது, இனிமேதான் குடித்தனம்" என்று எழுதியிருந்தார். அன்று எரிச்சலாக வந்தது. ஐயா, நீங்கள் சொன்னது சரி. தேர்தலுக்கு எங்களுக்கு ஆனது நான்கு மாதம். ஒப்பந்தத்துக்கு இரண்டு வருடமும் சொச்சமும்.

நாங்கள் மட்டும்தான் மந்தம் என்று நினைக்க வேண்டாம். புளூம்பெர்க் லா என்ற சட்டச் செய்தி நிறுவனம் 2022-இல் போட்ட கணக்கில், சங்கம் உருவானதிலிருந்து முதல் ஒப்பந்தம் கையெழுத்தாக சராசரியாக 465 நாள் ஆகிறது என்று வந்தது.

எல்லாம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்த மின்னஞ்சலில் தொடங்கியது. திங்கள் முதல் இரவு ஷிஃப்ட் பன்னிரண்டு மணி வரை, ஞாயிறும் உண்டு, பெயர்ப் பட்டியல் இணைப்பில். குழந்தை வைத்திருப்பவர், இரண்டாவது வேலைக்குப் போகிறவர், கடைசிப் பேருந்தை நம்பியிருப்பவர், யாரையும் கேட்கவில்லை. அதே மாதம் இன்னொன்று தெரியவந்தது: புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு, அவருக்கு வேலை கற்றுக்கொடுத்த பதினொரு வருட ஆளைவிடச் சம்பளம் அதிகம். முதல் விஷயத்தில் கோபம் வந்தது. இரண்டாவதில்தான் சங்கம் வேண்டும் என்ற அட்டையில் கையெழுத்து வந்தது.

எவ்வளவு ஏறியது என்றுதான் கேட்பீர்கள். முதல் வருடம் நன்றாக, அடுத்த இரண்டு வருடம் சுமாராக. ஆனால் நான் மூன்று தடவை படித்த பக்கம் அதில்லை. "நியாயமான காரணமின்றி எந்த ஊழியரையும் தண்டிக்கவோ நீக்கவோ கூடாது." ஒரே வரி. அதற்கு மட்டும் ஆறு கூட்டம்.

#2 கேள்விநாயகம்

வாழ்த்துகள். நேரா கேக்குறேன், கோச்சுக்காதீங்க. ரெண்டு வருஷம், சந்தா, கூட்டம், சண்டை. அந்த நேரத்துல வேற வேலை தேடியிருந்தா இதைவிட ஏறியிருக்காதா? நான் ஐடி. மூணு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை மாறிடுவேன், ஒரு சங்கமும் தேவைப்படல.

அப்புறம் காரணம் இல்லாம நீக்க முடியாதுன்னா, வேலை செய்யாதவனும் சீட்டைத் தேய்ச்சுக்கிட்டே ரிட்டையர் ஆவானே? அவன் வேலையையும் சேர்த்து நீங்கதானே செய்யணும்?

#3 சிவப்பு_மை

முதல்ல அந்தப் பொண்ணுக்கு என் வாழ்த்து. முப்பத்தோரு வருஷம் சங்கத்துல இருந்து ஓய்வு பெற்றவன் நான். குடித்தனம்னு எழுதினது நான்தான் அம்மா. சாபம் இல்லை, அனுபவம்.

எனக்கு ரெண்டு கேள்வி. ஒண்ணு, இது எந்த மாதிரி ஒப்பந்தம்? நம்ம ஊர்ல என் காலத்துத் தொழில் தகராறு சட்டத்துல 12(3) போட்டா, சமரச அதிகாரி முன்னாடி கையெழுத்தாகுறதால அந்த நிறுவனத்துல எல்லாரையும் கட்டுப்படுத்தும். 18(1) போட்டா கையெழுத்துப் போட்டவங்களுக்கு மட்டும். உங்களுது எது? ரெண்டு, அங்க எத்தனை சங்கம்?

#4 நூலடுக்கு

கேள்விநாயகம், கோபமெல்லாம் இல்லை. எங்கள் வீட்டிலேயே என் கணவர் கேட்ட கேள்விதான்.

ஐடியில் தெருவுக்கு ஒரு கம்பெனி. நூலகத்தில் ஒரு ஊருக்கு ஒரு பல்கலைக்கழகம் இருந்தால் பெரிது. எங்களிடம் ஒருவர் பழைய சிரியாக் மொழிக் கையெழுத்துப் படிகளுக்கு விவரப் பட்டியல் எழுதுகிறார். அவர் அடுத்த தெருவில் எங்கே போய் ரெஸ்யூமே கொடுப்பார்? மாறுவது என்றால் குடும்பத்தோடு மாநிலம் மாறுவது.

இன்னொன்று, இங்கே வேலைச் சட்டத்தின் அடிப்படையே வேறு. ஒப்பந்தம் இல்லாத ஊழியரை எந்தக் காரணத்துக்காகவும் அனுப்பலாம், காரணமே சொல்லாமலும் அனுப்பலாம். இனம், மதம், பாலினம், வயது என்று சட்டம் தடுத்த சில காரணங்கள் மட்டும் கூடாது. மொன்டானா ஒன்றுதான் விதிவிலக்கு. மற்ற மாநிலங்களில் மேலாளருக்கு உங்கள் முகம் பிடிக்கவில்லை என்பதே போதும்.

நியாயமான காரணம் என்றால் நீக்கவே முடியாது என்பதில்லை. விதியை முன்பே சொல்லியிருக்க வேண்டும். விசாரிக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். குற்றத்துக்குத் தக்க தண்டனையாக இருக்க வேண்டும். நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் இரு தரப்புக்கும் பொதுவான ஒரு வெளி நடுவரிடம் போகும், அவர் சொல்வது இறுதி. சீட்டைத் தேய்க்கிறவரை நீக்க இது எதுவும் தடையில்லை. தேய்க்கிறார் என்று எழுதி நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த எழுதும் வேலையைச் செய்ய மாட்டேன் என்றுதான் ஆறு கூட்டம் அடம்பிடித்தார்கள்.

ஐயா, உங்கள் கேள்விக்கு: ஒரே சங்கம். எந்தெந்த ஊழியர் சங்கத்துக்குள் வருவார் என்று ஒரு பிரிவை வரையறுத்துவிட்டால் அதற்குள் பெரும்பான்மை பெற்ற சங்கம் மட்டும்தான் எல்லோருக்கும் பேசும். உறுப்பினர் ஆகாதவருக்கும் ஒப்பந்தம் பொருந்தும், அவர் பிரச்சினைக்கும் நாங்கள்தான் போய் வாதாட வேண்டும். அந்த வகையில் உங்கள் 12(3)-க்குக் கிட்ட. ஆனால் சமரச அதிகாரி கையெழுத்து இங்கே தேவையில்லை.

#5 சிவப்பு_மை

ஒரே சங்கமா! இங்க ஒரு டிப்போவுல ஆறு கொடி இருக்கும். கொடுத்துவச்சவங்க. சரி, பிரிவை வரையறுக்கறதுன்னு சொன்னியே, அங்கதான் முதலாளி விளையாடுவான். யார் உள்ளே, யார் வெளியே?

#6 நூலடுக்கு

சரியான இடத்தில் கை வைத்தீர்கள் ஐயா. நான்கு மாதத்தில் இரண்டு மாதம் அதற்கே போனது.

மாணவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற ஒவ்வொருவரையும் "மேற்பார்வையாளர்" என்றது நிர்வாகம். 1947 டாஃப்ட்-ஹார்ட்லி சட்டப்படி மேற்பார்வையாளருக்குச் சங்க உரிமை இல்லை. இரவல் மேசையில் எல்லோரும் மாணவர்களை வைத்துத்தான் வேலை செய்கிறோம். அந்த வாதம் நின்றிருந்தால் பிரிவில் பாதிப்பேர் காலி.

அடுத்தது லைப்ரரியன் எதிர் ஸ்டாஃப். வெளியிலிருந்து பார்த்தால் எல்லோரும் லைப்ரரியன். உள்ளே அப்படியில்லை. நூலகவியலில் முதுகலை முடித்தவர் லைப்ரரியன், மற்றவர் ஸ்டாஃப், இடையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர். சட்டமும் அந்தச் சுவரை மதிக்கிறது: தொழில்முறைப் படிப்புள்ளவர்களை, அவர்களில் பெரும்பான்மை சம்மதிக்காமல் மற்றவர்களோடு ஒரே பிரிவில் போடக்கூடாது. அதனால் லைப்ரரியன்களின் வாக்குச்சீட்டில் இரண்டு கேள்வி. மற்றவர்களோடு சேர விருப்பமா? சங்கம் வேண்டுமா? 1950-இல் வந்த ஒரு வழக்கின் பெயரால் சோனோடோன் வாக்கெடுப்பு என்பார்கள். முதல் கேள்விக்கு என்ன பதில் வரும் என்று எங்களுக்கு நிஜமாகவே தெரியவில்லை. எண்ணும்போது என் பக்கத்தில் நின்ற அடுக்குப் பிரிவு ஆள், இருபது வருட சர்வீஸ், மூச்சே விடவில்லை. சேர்கிறோம் என்று வந்தது. இந்த இரண்டு வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் அதுதான், நேற்றைய எண்ணிக்கை இல்லை.

#7 பட்டியல்காரி

அந்தச் சுவருக்கு மறுபக்கத்து ஆள் நான். கேட்டலாகிங் லைப்ரரியன், அரசுப் பல்கலை. எங்கள் பக்கம் ஏன் தயங்குவோம் தெரியுமா? நூலகம் புனிதமான இடம், நாம் செய்வது சேவை, சேவையில் கணக்குப் பார்க்கலாமா என்ற நினைப்பு. ஃபோபாஸி எட்டார் என்ற நூலகர் 2018-இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார், தமிழில் சொன்னால் தொழில் மீதான பக்திப் பரவசம். அந்தப் பரவசம் இருக்கிற இடத்தில் கூடுதல் நேரத்துக்குக் காசு கேட்டால் தெய்வ நிந்தனை.

புது நோயும் இல்லை. 1917-லேயே நியூயார்க்கில் பொது நூலக ஊழியர்கள் சங்கம் வைத்தார்கள், முன்னால் நின்றவர் மோட் மலோன், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுத் தெருவில் நின்ற அதே ஆள். 1919-இல் அமெரிக்க நூலகச் சங்க மாநாட்டில், பெரும்பாலும் பெண்கள் செய்யும் இந்தத் தொழிலில் உயர் பதவியும் சம்பளமும் பெண்களுக்கும் சமமாக வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். 121-க்கு 1 என்று தோற்றது. அந்த ஒரு வாக்கை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

#8 பழங்கணக்கு

பல்கலைக்கழகம் என்றால் இன்னும் தாமதம். 1951-இல் கொலம்பியா பல்கலை நூலகத்து எழுத்தர்கள் தேர்தல் கேட்டுத் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்துக்குப் போனார்கள். லாப நோக்கமற்ற கல்வி நிறுவனம், நாங்கள் தலையிட மாட்டோம் என்று வாரியம் கைவிரித்தது. கவனியுங்கள், அந்த வழக்கே நூலகக்காரர்களுடையது. 1970-இல் கார்னெல் வழக்கில்தான் வாரியம் மனம் மாறியது. 19 வருடம்.

அதற்குப் பிறகு யேல். 1983-இல் எழுத்தர், தொழில்நுட்ப ஊழியர் தேர்தல், நூலக ஆட்களும் அதில் உண்டு. 1,267-க்கு 1,228. வெறும் 39 வாக்கு. ஒப்பந்தம் வரவில்லை, 1984 செப்டம்பரில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், பத்து வாரம். ஆண் ஒரு டாலர் வாங்கினால் பெண் 59 சென்ட் என்ற அந்தக் காலத்துக் கணக்கைச் சட்டையில் பொத்தானாகக் குத்திக்கொண்டு நடந்தார்கள். மறியலைத் தாண்ட மனமில்லாத பேராசிரியர்கள் தேவாலயத்திலும் திரையரங்கிலும் வகுப்பு எடுத்தார்கள். 1985 ஜனவரியில் ஒப்பந்தம்.

ஹார்வர்டில் 1988. வித்தியாசம் 44 வாக்கு. அடுத்த வருடமே முதல் ஒப்பந்தம், வேலைநிறுத்தம் இல்லாமல். அவர்கள் கோஷம் எனக்குப் பிடிக்கும்: சங்கத்துக்கு ஆதரவு என்றால் ஹார்வர்டுக்கு எதிர் என்று அர்த்தமில்லை.

#9 கேள்விநாயகம்

39 வாக்கு, 44 வாக்கு. அப்போ கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு சங்கமே வேணாம். அவங்களையும் இழுத்துட்டுப் போறது ஜனநாயகமா?

#10 பழங்கணக்கு

39 வாக்கில் ஜெயித்த எம்.எல்.ஏ. தோற்றவனுக்கு வாக்களித்த தெருவுக்கு ரோடு போடுவதில்லையா? (சரி, போடுவதில்லை. தவறான உதாரணம்.)

#11 பனங்கொட்டை

அக்கா, முதலிலை வாழ்த்துக்கள். நான் ரொறன்ரோவிலை ஒரு கொலிஜ் லைப்ரரியிலை வேலை செய்யிறன். உங்கட இரண்டு வருசக் கதையைப் பார்க்க இஞ்சை எங்களுக்கு விசரா இருக்கு. இஞ்சை முதல் ஒப்பந்தம் இழுபட்டால் ஒரு கட்டத்துக்குப் பிறகு லேபர் போர்டிட்டைப் போகலாம். மற்றப் பக்கம் ஒழுங்காக் கதைக்கேல்லை எண்டு கண்டால், நடுவர் ஒராளைப் போட்டு முதல் ஒப்பந்தத்தை அவரே எழுதி முடிப்பார். பிரிட்டிஷ் கொலம்பியா 1973இலையே இந்தச் சட்டத்தைக் கொண்டு வந்திட்டுது. ஒன்ராறியோ 1986இலை. கன இடத்திலை நடுவர் வரைக்கும் போறதே இல்லை. போகலாம் எண்டு தெரிஞ்சாலே முதலாளிமார் கொஞ்சம் கெதியாக் கையெழுத்து வைப்பினம்.

உங்கட பக்கம் அப்பிடி ஒண்டும் இல்லையோ?

#12 நூலடுக்கு

இல்லை தம்பி. இதுதான் இங்கே யாருக்கும் விளங்காத இடம். சட்டம் எங்களை மேசைக்குக் கூட்டிவரும், சாப்பாடு பரிமாறாது.

நல்லெண்ணத்தோடு பேச வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதே சட்டம், எந்தத் தரப்பும் எதற்கும் ஒப்புக்கொள்ளக் கட்டாயமில்லை என்றும் சொல்கிறது. ஒரு கம்பெனி, சந்தாவைச் சம்பளத்தில் பிடித்துக்கொடுக்கச் சம்மதிக்காமல் வருடக்கணக்கில் இழுத்தது. சரி, ஒப்புக்கொள் என்று வாரியம் உத்தரவிட்டது. 1970-இல் உச்ச நீதிமன்றம், ஒரு ஷரத்தை ஒப்புக்கொள்ளும்படி உத்தரவிட வாரியத்துக்கு அதிகாரமில்லை என்றுவிட்டது. எச்.கே. போர்ட்டர் வழக்கு. அதே வருடம் இன்னொரு வழக்கில், பேச மறுத்து இழுத்த காலத்துக்கு நஷ்டஈடு வாங்கித்தர எங்களால் முடியாது என்று வாரியமே சொன்னது. ஆக இழுத்தால் முதலாளிக்குச் செலவு வழக்கறிஞர் ஃபீஸ் மட்டும்.

இழுப்பதில் லாபமும் உண்டு. முதல் வருடம் எங்களை யாரும் தொட முடியாது. அது முடிந்ததும், பிரிவில் நூற்றுக்கு முப்பது பேர் கையெழுத்துப் போட்டால் சங்கம் வேண்டாம் என்று மறு தேர்தல் கேட்கலாம். இன்னொரு வித்தையும் செய்தார்கள்: பேச்சு நடக்கும்போது நிலவரத்தை மாற்றக்கூடாது என்று சட்டம் இருக்கிறதே, அதைக் காட்டி, மற்ற துறைகளுக்குக் கொடுத்த வருடாந்தர உயர்வை எங்களுக்கு மட்டும் நிறுத்தினார்கள். "உங்க சங்கத்தாலதான்" என்று காபி இயந்திரத்தின் பக்கத்தில் மெதுவாகப் பேச்சு கிளம்பியது. இரண்டாவது குளிர்காலம் மோசம். கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்த இடத்தில் ஒன்பது பேர் வந்தார்கள், அதில் ஒருவர் ஹீட்டருக்காக வந்தவர்.

#13 சிவப்பு_மை

அப்புறம் எப்படி மசிஞ்சாங்க? அதைச் சொல்லு. எல்லாச் சங்கத்துலயும் அந்த ஒன்பது பேர் கதை உண்டு.

#14 நூலடுக்கு

ஒரே அடியில் இல்லை.

முதலில் எக்செல். சம்பளத் தகவலைச் சங்கம் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். கேட்டோம், மூன்று மாதம் கழித்து வந்தது. பட்டியலை ஒழுங்குபடுத்துவது எங்களுக்குப் பிறவித் தொழில். கேட்டலாகிங் ஆட்கள் இரண்டு பேர் ஒரு வார இறுதியில் உட்கார்ந்து, வேலைப் பட்டம், சேர்ந்த வருடம், சம்பளம் என்று அடுக்கினார்கள். சர்வீஸ் கூடக் கூட கோடு கீழே இறங்கியது. அந்தப் படத்தைச் சுவரில் போட்டுக் காட்டியபோது எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இங்கே ஒரு சின்ன வேடிக்கை. "கொடுக்க வசதியில்லை" என்று முதலாளி சொன்னால் கணக்கைத் திறந்து காட்ட வேண்டி வரும், 1956 ட்ரூயிட் வழக்கு அப்படி. அதனால் எதிரில் உட்கார்ந்த வழக்கறிஞர் இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட "முடியாது" என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. "விரும்பவில்லை." எப்போதும் "விரும்பவில்லை." எங்கள் குழுவில் அது கிண்டல் வார்த்தையாகிவிட்டது. மதியம் காபி வேண்டுமா என்றால் "விரும்பவில்லை".

அடுத்து நேரம். தேர்வு வாரத்துக்குச் சரியாக மூன்று வாரம் முன்னால் வேலைநிறுத்தத்துக்கு அனுமதி கேட்டு வாக்கெடுப்பு வைத்தோம். பேராசிரியர்கள் பலர் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். உண்மையைச் சொன்னால் அவர்களுக்கு எங்கள் ஷரத்து எதுவும் தெரியாது. ஆனால் எந்த மேசையில் யார் எத்தனை வருடமாக அவர்களுக்குப் புத்தகம் தேடிக் கொடுத்தார் என்பது தெரியும். பிறகு மத்திய அரசின் மத்தியஸ்தர் ஒருவர் வந்து இரு அறைகளுக்கும் நடுவே நடையாய் நடந்தார். கடைசி அமர்வு விடிகாலை இரண்டரைக்கு முடிந்தது. வேலைநிறுத்தம் வரவில்லை. வந்திருந்தால் எத்தனை நாள் நின்றிருப்போம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

#15 பட்டியல்காரி

வேலைநிறுத்தம் ஒரு பக்கம், கதவடைப்பும் உண்டு. 2016 செப்டம்பரில் லாங் ஐலண்ட் பல்கலையின் புரூக்ளின் வளாகத்தில், பழைய ஒப்பந்தம் காலாவதியானதும் பேராசிரியர்களோடு நூலகர்களையும் வெளியே நிறுத்திவிட்டார்கள். 12 நாள்.

ஒரு கேள்வி: உங்கள் ஒப்பந்தத்தில் அறிவுச் சுதந்திரம் இருக்கிறதா? 2018-இல் கலிஃபோர்னியா பல்கலை நூலகர்கள் அந்த ஷரத்தைக் கேட்டபோது நிர்வாகம் முதலில் மறுத்தது. 2019 ஒப்பந்தத்தில்தான் வந்தது. எந்தப் புத்தகத்தை வாங்கினாய் என்று இன்று யாரும் எதையும் கிளப்பலாம், அது சம்பளத்தைவிட எனக்கு முக்கியம்.

#16 கேள்விநாயகம்

சந்தா எவ்வளவு? வேணாம்னு சொல்றவன்கிட்டயும் பிடிப்பீங்களா?

#17 நூலடுக்கு

சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்றரை. ஒப்பந்தம் நிறைவேறும் வரை ஒரு காசு வாங்கவில்லை, எங்கள் சங்கத்தில் அதுதான் முறை. உறுப்பினராகச் சேரக் கட்டாயமில்லை. சேராதவர், பேச்சுவார்த்தைக்கும் வழக்காடவும் ஆகும் பங்கை மட்டும் கட்டினால் போதும், அரசியல் செலவுக்குக் கட்ட வேண்டாம். 1988 பெக் வழக்கு.

பட்டியல்காரி, இருக்கிறது. ஆனால் லைப்ரரியன்களுக்கு மட்டும். ஸ்டாஃபுக்கும் கேட்டோம். விரும்பவில்லை.

#18 பட்டியல்காரி

மாநிலத்தைப் பொறுத்தது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். 26 மாநிலங்களில் அந்தப் பங்கைக்கூடக் கட்டாயமாக்க முடியாது. மிச்சிகன் 2024-இல் அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. என்னைப் போல அரசுப் பல்கலை என்றால் 2018 ஜானஸ் தீர்ப்புக்குப் பிறகு எந்த மாநிலத்திலும் கட்டாயமில்லை. எங்கள் பிரிவில் கட்டாமலே ஒருவர் இருக்கிறார். அவர் பதவி நீக்கத்தை எதிர்த்து நாங்கள்தான் வாதாடினோம். ஜெயித்தோம். இன்னும் கட்டவில்லை.

#19 பனங்கொட்டை

இஞ்சை ராண்ட் ஃபோர்மியூலா எண்டு சொல்லுவம். 1945இலை வின்ட்சரிலை ஃபோர்ட் காரர் செய்த ஸ்ட்ரைக்குக்குப் பிறகு ஐவன் ராண்ட் எண்ட நீதிபதி சொன்னது: சேராட்டிலும் பரவாயில்லை, பலன் எடுத்தால் காசு கட்டு. அந்த ஆளை எங்களிட்டை அனுப்புங்கோ.

#20 கேள்விநாயகம்

அந்த ஆள் நான்தான்னு யாரும் நினைச்சுக்காதீங்க, நான் நூலகத்துல இல்ல. 😀

ஆனா நிஜமாவே கேக்குறேன். மின்னூல், ஏஐ எல்லாம் வந்தாச்சு. இன்னும் அஞ்சு வருஷத்துல இரவல் மேசைன்னு ஒண்ணு இருக்குமா? இல்லாத வேலைக்கு ஒப்பந்தமா?

#21 மட்டுறுத்துநர்

இடையில் வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஏஐ பற்றி வேறு இழை ஓடுகிறது. இங்கே நூலகம், ஒப்பந்தம்.

#22 விசாப்பறவை

கொஞ்சம் சொந்த விஷயம். நான் எச்-1பி வேலை விசாவில் ஒரு பல்கலை நூலகத்தில் சிஸ்டம்ஸ் வேலை. எங்களிடமும் சங்க அட்டை சுற்றுகிறது. பயமாக இருக்கிறது அக்கா. கையெழுத்துப் போட்டால் விசாவில் கை வைப்பார்களா? வேலைநிறுத்தம் என்றால் நான் நாட்டைவிட்டே போக வேண்டி வருமா?

#23 நூலடுக்கு

பயம் நியாயம்தான் தம்பி. நான் பச்சை அட்டைக்குக் காத்திருந்த காலத்தில்தான் என் கையெழுத்தையும் போட்டேன்.

தனியார் பல்கலை என்றால், குடியுரிமை இல்லாதவருக்கும் சட்டம் அதே பாதுகாப்பைத் தருகிறது. சங்கத்துக்காகப் பழிவாங்குவது சட்டவிரோதம். அரசுப் பல்கலை என்றால் அந்தந்த மாநிலச் சட்டம், பட்டியல்காரியைக் கேளுங்கள். யாருக்கும் அவ்வளவாகத் தெரியாத ஒன்று: உங்கள் விசாவுக்காக நிர்வாகம் தொழிலாளர் துறையிடம் கொடுக்கும் விண்ணப்பம் பற்றி, அங்கே சங்கம் இருந்தால் சங்கத்துக்கு அறிவிக்க வேண்டும். அதில் உங்கள் வேலைக்கான சம்பளம் இருக்கும். எங்களிடம் ஒருவருக்குக் குறைவாகப் போட்டிருந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தோம். வேலையில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட எச்-1பி ஊழியர், வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டார் என்ற ஒரே காரணத்துக்காகத் தன் நிலையை இழந்தவராக ஆக மாட்டார், குடிவரவு விதியிலேயே அது இருக்கிறது. ஆனால் வேலைநிறுத்தம் நடக்கும்போது விசா காலக் கணக்கு நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் தேதிகளோடு ஒரு குடிவரவு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மேலாளரிடம் மட்டும் யோசனை கேட்காதீர்கள்.

#24 சிவப்பு_மை

அம்மா, எல்லாரும் வாங்கினதைக் கேட்டாங்க. நான், நீங்க விட்டுக்கொடுத்ததைக் கேக்குறேன். எதை விட்டீங்க? பஞ்சப்படி உண்டா?

#25 நூலடுக்கு

ஐயா, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன், பயந்துகொண்டும் இருந்தேன்.

பஞ்சப்படி இல்லை. விலைவாசியோடு ஏறும் படி இங்கே அபூர்வம். மூன்று வருடத்துக்கும் சதவீதம் இப்போதே எழுதியாயிற்று. 2022 ஜூனில் இங்கே பணவீக்கம் 9.1 சதவீதம் போனது. அப்படி இன்னொரு வருடம் வந்தால் எங்கள் உயர்வு யானைப் பசிக்குச் சோளப்பொரி.

பேச்சு நடந்த இரண்டு வருடத்துக்குப் பின்தேதியிட்ட உயர்வு கேட்டோம். கிடைக்கவில்லை. கையெழுத்தான அன்று எல்லோருக்கும் ஒரே தொகையாகக் கொஞ்சம் கொடுத்து வாயை அடைத்தார்கள். நிறுத்திவைத்த உயர்வைக் கணக்குப் போட்டால் அது பாதிகூட வராது.

வீட்டிலிருந்து வேலை செய்வது ஒப்பந்தத்துக்கு வெளியே, பக்கக் கடிதத்தில் போய்விட்டது, நடுவரிடம் கொண்டுபோக முடியாது. அதாவது வாக்குறுதி உண்டு, பல் இல்லை. ஒப்பந்த காலம் முழுக்க வேலைநிறுத்தம் செய்ய மாட்டோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். நிர்வாக உரிமைகள் என்று ஒரு பக்கம் நீளத்துக்கு ஒரு ஷரத்து, அதைப் படித்தால் நாங்கள் தோற்றுவிட்டோம் என்றே தோன்றும். ஹார்வர்டின் முதல் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு ஷரத்தே இல்லை என்பார்கள். எங்களால் அதைத் தடுக்க முடியவில்லை.

எதிர்த்து வாக்களித்தவர்களில் ஒருவர் எனக்கு நெருக்கம். பின்தேதி உயர்வுக்காகத்தான் அவர் எதிர்த்தார். அவர் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வாங்கியதில் சம்பளத்தை விட்டுவிடுங்கள். பதினொரு வருட ஆள் இனி புது ஆளுக்குக் கீழே இருக்க முடியாது, சர்வீஸ்படி படிநிலை. ஷிஃப்ட் மாற்ற இரண்டு வாரம் முன்கூட்டி அறிவிப்பு. ஆட்குறைப்பு என்றால் பணிமூப்பு பார்க்க வேண்டும், ஒரு வருடம் வரை திரும்ப அழைக்கும் உரிமை. கேள்விநாயகம், மின்னூல் பற்றிக் கேட்டீர்களே, அதற்கு எங்களிடம் இருக்கும் பதில் இந்த ஒரு பத்திதான். மேசை போகலாம். மேசைக்காரரை ஒரு மின்னஞ்சலில் வீட்டுக்கு அனுப்ப முடியாது.

#26 சிவப்பு_மை

முதல் ஒப்பந்தத்துல இவ்வளவு வந்தா நல்ல அறுவடை. பக்கக் கடிதத்தை அடுத்த தடவை உள்ளே கொண்டாந்துடு. மூணு வருஷம்னா ரெண்டரை வருஷத்துலயே கோரிக்கைப் பட்டியல் போட ஆரம்பிச்சுடணும். அந்த எதிர்த்த ஆளைக் குழுவுல போடு.

#27 கேள்விநாயகம்

சரி, கடைசியா ஒண்ணு. திங்கக்கிழமை வேலைக்குப் போனா என்ன மாறியிருக்கும்? சும்மா கேக்கல, தெரிஞ்சுக்கணும்.

#28 நூலடுக்கு

திங்கள் போய்விட்டு வந்துதான் எழுதுகிறேன்.

பெரிதாக ஒன்றுமில்லை. அதே புத்தக வண்டி, அதே கிறீச்சிடும் சக்கரம். மேலாளர் வந்து, அடுத்த மாத ஞாயிறுக்கு யாருக்கு முடியும் என்று கேட்டார். கேட்டார். பழக்கமில்லாததால் இரண்டு மூன்று பேர் தலையைத் தூக்கவே இல்லை, வேறு யாரையோ கேட்கிறார் என்று நினைத்துவிட்டார்கள்.

அச்சடித்த ஒப்பந்தப் பிரதிகள் மதியம் வந்தன. ஒன்று நூலகச் சேகரிப்புக்கும் வேண்டுமே, கேட்டலாகிங்குக்கு அனுப்பினோம். அங்கே சண்டை. ஒருவர், காங்கிரஸ் நூலக வகைப்பாட்டில் எச்டி வகுப்பு, தொழிலாளர் விவகாரம் எல்லாம் அங்கேதான் என்கிறார். இன்னொருவர், இது நூலகப் பணியாளர் பற்றியது, இசட் வகுப்பு என்கிறார். எக்செல் போட்ட அதே இருவர். மாலை ஐந்து மணி வரை முடிவாகாமல், எண் ஒட்டாமலே இரவல் மேசைக்குத் திரும்பி வந்துவிட்டது.

#29 பட்டியல்காரி

எச்டி. இதில் என்ன சந்தேகம்?

#30 நூலடுக்கு

சொன்னேன். இசட் ஆள் விரும்பவில்லையாம்.